சோத்து நிலத்துல கை வைக்காம விக்க ஆரம்பிக்கிறது எப்படி

ஒரு தம்பி என்கிட்ட கேட்ட கேள்வியை மத்தவங்களுக்காக சுருக்கி சொல்லிடறேன். சென்னை ஓஎம்ஆர்ல ஐடி வேலை பாக்குற நாலு ஃப்ரெண்ட்ஸ், அதுல ஒருத்தருக்கு சொந்த ஊர் ஜவ்வாது மலையில ஜமுனாமரத்தூர் பக்கம். ஊர்ல எல்லாரும் சாமை, கேழ்வரகு, கொள்ளு, அவரைன்னு வீட்டு சாப்பாட்டுக்குத்தான் விதைக்கிறாங்க, காசு வேணும்னா வெளியூருக்கு கூலி வேலைக்கு கெளம்பிடறாங்க. இவங்க நாலு பேரும் 6 லட்சம் சேத்து வெச்சிருக்காங்க, அங்க ஷேட் நெட், அதாவது நிழல் வலை போட்டு குடைமிளகாயும் கொஞ்சம் டிராகன் ஃப்ரூட்டும் வெச்சு, ஒரு ஆப் பண்ணி சென்னை அபார்ட்மென்ட்டுக்கு எல்லாம் சப்ளை பண்ணலாமா, ஊர்க்காரங்க பாதியாவது விக்கிற விவசாயத்துக்கு வருவாங்களான்னு கேக்கறாங்க.

குடைமிளகாய் வேணாம், டிராகன் ஃப்ரூட் வேணாம், ஆப் இப்போதைக்கு வேணவே வேணாம். ஆனா 6 லட்சத்துக்கு நல்ல வேலை இருக்கு, அதை கீழ சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்கோங்க. நான் நெற்குன்றத்துல இருந்துக்கிட்டு சிறுதானியம் கொள்முதல் பண்றதும், மலைப்பக்கம் இருக்குற விவசாயிங்க கம்பெனிகளுக்கு சென்னையில ஆர்டர் புடிச்சுக் குடுக்கறதும்தான் பொழப்பு, அதனால வாங்குற பக்கம் நின்னுதான் பேசுவேன்.

ஊர்க்காரங்களுக்கு விவரம் பத்தல, நாம போய் நாலு விஷயம் சொல்லிக்குடுத்தா மாறிடுவாங்கன்னு தான் மெட்ராஸ்லேர்ந்து கெளம்புற எல்லாரும் நெனைக்கிறாங்க. விவரமெல்லாம் அவங்ககிட்ட நம்மளவிட நெறையவே இருக்கு. சாமையை எடுத்துக்கோங்க, விதை வீட்டு அடுக்குப் பானைல இருக்கு, யூரியா மூட்டை வாங்க வேணாம், மழை முன்னப்பின்ன ஆனாலும் 90, 100 நாள்ல ஏதோ ஒண்ணு கைக்கு வந்துடும், உமியோட கட்டி வெச்சா வருஷக்கணக்குல கெடாது. அதாவது மழை பொய்ச்ச வருஷத்துல போன வருஷத்து சாமை சோறு போடும். இது விவசாயம் மட்டும் கெடையாது, அவங்க இன்சூரன்ஸ் பாலிசியும் அதுதான். குடைமிளகாய்க்கு விதைலேர்ந்து வலைலேர்ந்து சொட்டுநீர் குழாய்லேர்ந்து மருந்து வரைக்கும் எல்லாமே காசு, மலைல கரண்ட் போனா போனதுதான், எல்லாம் சரியா வந்து வெல மட்டும் விழுந்துட்டா என்ன பண்ணுவாங்க, குடைமிளகாயை வெச்சு களி கிண்ட முடியாது.

இது அந்த ஒரு மலை கதை மட்டும் இல்ல. 2015-16 வேளாண் கணக்கெடுப்பு படி தமிழ்நாட்டுல 79 லட்சத்துக்கு மேல நிலக் கைப்பிடிகள் இருக்கு, சராசரி ஒண்ணுக்கு 0.75 ஹெக்டேர், அதாவது ரெண்டு ஏக்கர் கூட தேறாது. 100ல 93 பேர் ரெண்டு ஹெக்டேருக்கு உள்ளதான். ரெண்டு ஏக்கர்காரன் ஒரு போகம் தோத்தா அடுத்த போகத்துக்கு வெதை இருக்காது, பத்து ஏக்கர்காரன் தோத்தா கடன் வாங்கி நிமிந்துடுவான். ரெண்டு பேருக்கும் ஒரே ஐடியாவை கொண்டு போய் குடுக்கறதுலதான் பாதி திட்டம் படுத்துக்குது.

விக்கிற பயிருக்கு மாறினா என்ன ஆகும்னு பாக்கணும்னா கொல்லிமலையைப் பாருங்க. அங்கயும் ஒரு காலத்துல சாமை, தினை, வரகு, கேழ்வரகுதான். அப்புறம் சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைங்களுக்காக மரவள்ளிக் கிழங்கு ஏறுச்சு, காசு வந்துச்சு, இல்லன்னு சொல்லல, ரோடு வந்துச்சு பைக் வந்துச்சு. ஆனா கிழங்கை நாமளே வெல சொல்லி விக்க முடியாது, தோண்டின ஒண்ணு ரெண்டு நாள்ல ஆலைக்குப் போயாகணும், வெல அவங்க சொல்றதுதான். இன்னொரு விஷயமும் கவனிக்கணும், ஜனங்க சாமையை விட்டதுக்கு வெல மட்டும் காரணம் இல்ல, உரல்ல போட்டு குத்தி உமி நீக்கணும், அந்த வேலை மொத்தமும் பொம்பளைங்க தலைல, ரேஷன்ல அரிசி கெடைக்க ஆரம்பிச்சதும் யார் உக்காந்து குத்துவாங்க? நம்ம ஊர்ல 2011 ஜூன்லேர்ந்து ரேஷன் அரிசி இலவசம் வேற. தரமணில இருக்குற எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கொல்லிமலைல பல வருஷம் வேலை பாத்தாங்க, அவங்க செஞ்சதுல எனக்கு ரொம்பப் புடிச்சது விழிப்புணர்வுக் கூட்டமெல்லாம் இல்ல, ஊருக்குள்ள உமி நீக்குற சின்ன மெஷினை கொண்டு போய் வெச்சு அதை அந்த ஊர் குழுக்கள் கைல குடுத்ததுதான். குத்துற வேலை கொறைஞ்சா வீட்லயும் சாமை சாப்பிடுவாங்க, மிச்சத்தை அரிசியா விக்கவும் முடியும்.

அதனால மொத வேலையா ஊருக்குப் போயி அந்தந்த வீட்டு அம்மாகிட்ட உக்காந்து கேளுங்க, வருஷத்துக்கு உங்க வீட்டுக்கு எவ்ளோ சாமை எவ்ளோ கேழ்வரகு வேணும், விதைக்கு எவ்ளோ, விசேஷத்துக்கு எவ்ளோன்னு. ஆம்பளைங்க ஏக்கர் கணக்கு சொல்லுவாங்க, அம்மா மூட்டைக் கணக்கு கரெக்டா சொல்லிடுவாங்க. அந்த மூட்டைங்க விளையற நிலத்தை விட்டுடுங்க, அதுல உங்க ஐடியா எதுவும் நொழையக் கூடாது. அதுக்கு மேல விளையறது, சும்மா கெடக்குற கரம்பு, நல்ல மழை வருஷத்துல மிஞ்சறது, இதுதான் விக்கறதுக்கு. பாதி விக்கிற விவசாயின்னு சொல்றதே இதைத்தான், கீழ சோறு கெட்டியா இருக்கணும், மேல காசு வந்துட்டுப் போகணும்.

சரி, அந்த மிச்ச சாமை ஏன் இப்ப நல்ல வெலைக்கு போகல? சென்னை கடைக்காரர் ஒருத்தரை கேட்டீங்கன்னா மொத வார்த்தையே கல்லுன்னு தான் வரும். கல்லு, மண்ணு, நெறம் ஒரே மாதிரி இல்ல, நடுவுல உமியோட நிக்கிற மணி. ஒரு கஸ்டமர் பல்லுல கல்லு மாட்டுச்சுன்னா அந்த கடைக்கு மறுபடி சரக்கு தள்ளவே முடியாது. கல்லு எங்கேர்ந்து வருது, வயல்ல வெளையல. அறுத்து தார் ரோட்டுலயோ பாறைலயோ மண் களத்துலயோ போட்டு அடிக்கறாங்க, கூட்டி அள்றப்ப மண்ணும் சேந்து வருது. சாமை மணி சைஸுக்கே இருக்குற பொடிக்கல்லு புடைச்சாலும் போகாது, சலிச்சாலும் போகாது, கல் நீக்குற மெஷின்லயே ஒண்ணு ரெண்டு தப்பிடும். இதுக்கு மருந்து நல்ல கெட்டியான தார்ப்பாய். வீட்டுக்கு ஒண்ணு. அடிக்கறதும் காயவைக்கறதும் அது மேலயே, செருப்பைக் கழட்டிட்டு. கேக்க சப்புன்னு இருக்கும், ஆனா நான் சரக்கு எடுக்குற எடங்கள்ல வெலைல வித்தியாசம் வந்ததுன்னா மொதல்ல இதால வந்ததுதான்.

அடுத்தது ஈரம். பல்லுல கடிச்சுப் பாத்து காஞ்சிருச்சுன்னு சொல்லுவாங்க, பெரும்பாலும் சரியாத்தான் இருக்கும், ஆனா 12 சதவீதத்துக்கு மேல ஈரம் இருந்தா மெஷின்ல நசுங்குது, மூட்டைல பூசணம் புடிக்குது. ஈரம் பாக்குற மீட்டர் ஒண்ணு ஊருக்குப் பொதுவா இருந்தா போதும். வாங்கறவன் "ஈரமா இருக்கே"ன்னு சொல்லி வெல கொறைக்கறப்ப நம்மகிட்டயும் ஒரு நம்பர் இருக்கும்.

இப்ப வெல கணக்கு போடலாம், இதெல்லாம் ஒரு பேச்சுக்கு எடுத்துக்கிட்ட நம்பர், உங்க ஊர் வெலையை நீங்க போட்டுக்கோங்க. உமியோட சாமை கிலோ 40 ரூபான்னு வாங்கறோம். 100 கிலோ குத்தினா அரிசியா வர்றது 60, 65 கிலோதான், 62ன்னு வெச்சுக்குவோம். அப்போ ஒரு கிலோ சாமை அரிசிக்குள்ள இருக்குற தானியமே 64.50. குத்தி சுத்தம் பண்ண 8, பாக்கெட்டுக்கு 4, மலைலேர்ந்து சென்னை வரைக்கும் வண்டி வாடகை 5, ஆக 81.50 ஆயிடுச்சு. கடைக்காரர் 110 ரூபாய்க்கு வித்து 25 சதவீதம் எடுத்துக்கிட்டா நம்ம கைக்கு வர்றது 82.50. கிலோவுக்கு ஒரு ரூபா. ஊர்ல 40, சென்னைல 110, நடுவுல எவனோ 70 ரூபா கொள்ளையடிக்கறான்னு வாட்ஸ்அப்ல சுத்துற கணக்குக்கும் இதுக்கும் இருக்குற தூரத்தைப் பாருங்க. கொறைக்கக்கூடிய எடம் அந்த கடை மார்ஜின்தான், அங்கதான் உங்களுக்கு வேலை. கடையைத் தாண்டி நேரா வீட்டுக்குப் போனா அந்த கடை மார்ஜின் 27.50 மிச்சம், அதுல விவசாயிக்கு 40க்குப் பதிலா 48 குடுத்தா அரிசி கிலோவுக்கு 13 ரூபா போகும், மிச்சம் ஒரு 15 ரூபா. அதுலதான் கெட்டுப்போன மூட்டை, எடை கொறைஞ்சது, காசு குடுக்காத ஆளு, டெலிவரி பையன் எல்லாத்தையும் சமாளிக்கணும். பெரிய லாபம் வராது, ஆனா நிக்கும்.

இப்போ முக்கியமான எடத்துக்கு வரேன். நாம கிலோவுக்கு 8 ரூபா கூட குடுத்தாலும் நம்மகிட்ட விக்க மாட்டாங்க, ஊர் யாவாரிக்குத்தான் போடுவாங்க, ஏன்னு புரியாம எத்தனையோ பேர் கோவிச்சுக்கிட்டு திரும்பி வந்திருக்காங்க. அந்த யாவாரி ஆடி மாசமே 3000 கைமாத்து குடுத்திருப்பார். புள்ளைக்கு ஜுரம்னு ராத்திரி 11 மணிக்கு கதவைத் தட்டினா பைக்குல ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போயிருப்பார். மளிகைக் கடன் நோட்டும் அவர்கிட்டயே. அறுப்பு ஆனதும் அவருக்குத்தான் மூட்டை போகும், அவர் சொல்ற வெலைக்கு. அவரை வில்லன்னு சொல்றது சுலபம், வட்டியைக் கணக்குப் போட்டா வில்லன்தான், ஆனா அவர் செய்யற வேலையை வேற யாரும் செய்யலையே. அந்த எடத்துக்கு நீங்க என்ன வெக்கப் போறீங்கன்னு யோசிக்காம நல்ல வெல மட்டும் வெச்சா காரியம் ஆகாது.

உங்க பணத்துல பெரும்பங்கு இங்கதான் போகணும்னு நெனைக்கறேன். அறுப்பு நாள்ல களத்துலயே எடை போட்டு 70 சதவீதத்தை உடனே கைல குடுத்துடுங்க, மிச்சம் 30 வித்து முடிச்சதும். ஊர் சுயஉதவிக் குழுலயே சின்னதா ஒரு அவசர நிதி, 2000, 3000 ரூபா அன்னிக்கே எடுக்கற மாதிரி, ஃபார்ம் எழுதி மீட்டிங் போட்டு தீர்மானம் நெறைவேத்தி குடுக்கறதா இருந்தா அதுக்குள்ள அவங்க யாவாரி வீட்டுக்கு போயிடுவாங்க. கீழ சமவெளில வேர்க்கடலை போடற சொந்தக்காரங்க இருந்தா அவங்களுக்கு இன்னொரு வழி இருக்கு, ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துல சரக்கை கிடங்குல வெச்சு பொருளீட்டுக் கடன் வாங்கலாம், மதிப்புல 75 சதவீதம் வரைக்கும் குடுப்பாங்க, வட்டி வெளில இருக்குறதுக்கு பக்கத்துலயே வராது, வெல ஏறினப்பறம் வித்துக்கலாம். பாதிப் பேருக்கு இப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாது. கூட்டுறவு சங்கத்துல பயிர்க்கடன் தவணை தவறாம கட்டினா வட்டியே இல்ல, ஆனா அதுக்கு சிட்டா, அடங்கல்னு நிலத்துக்கான ரெக்கார்டு வேணும். மலைல பல பேருக்கு நிலம் அனுபவத்துல இருக்கும், பட்டா இருக்காது. 2006 வன உரிமைச் சட்டத்துல உரிமை கேட்டு மனு போட்டவங்க யாரு, யாருது நிக்குதுன்னு பாத்து அதுக்கு அலையற ஒரு ஆளுக்கு பஸ் காசும் ஜெராக்ஸ் காசும் குடுத்தீங்கன்னா ஆப் பண்றதைவிட பெரிய வேலை.

எடை பத்தி ஒரு வார்த்தை. இன்னும் பல ஊர்ல படி, மரக்கால்னு அளந்துதான் வாங்கறாங்க, கும்பாச்சி வெச்சு, அதாவது வாய்க்கு மேல குவிச்சு அளக்கறப்ப விவசாயிக்கு எவ்ளோ போகுதுன்னு அவருக்கே தெரியாது. மூட்டைக்கு கழிவுன்னு சொல்லி ஒண்ணு ரெண்டு கிலோ கழிக்கறது தனி. முத்திரை போட்ட எலக்ட்ரானிக் தராசு ஒண்ணை பொது எடத்துல வெச்சு, யார் வேணா அவங்க மூட்டையை தூக்கிட்டு வந்து சும்மா எடை பாத்துக்கலாம்னு விடுங்க. நீங்க சரக்கே வாங்கலன்னாலும் அந்த தராசு அங்க இருந்தாலே யாவாரி அளவு மாறும்.

காய்கறி விட்டுடணுமான்னா, கோயம்பேடு மார்க்கெட்டை நம்பி எறங்காதீங்கன்னுதான் சொல்றேன். பழைய மார்க்கெட் இருந்த கொத்தவால்சாவடில நெருக்கடி தாங்காம 1996ல இங்க மாத்தினாங்க, அன்னிலேர்ந்து இந்த மார்க்கெட் நடக்கறது ராத்திரிலதான். நடுராத்திரிக்கு மேல லாரி எறங்கும், விடியறதுக்குள்ள வெல முடிவாயிடும், எட்டு மணிக்கு மேல மிஞ்சினது கேட்ட வெலைக்குப் போகும். கமிஷன், எறக்குக்கூலி, வண்டி வாடகை எல்லாம் போகத்தான் சிட்டைல நம்ம பேருக்கு நேரா ஒரு தொகை. அதுவும் லோடா வர்ற ஆளுக்குத்தான் மரியாதை, ரெண்டு மூட்டை அவரைக்காய் கொண்டு வர்றவரை அங்க யாரும் காத்திருந்து வரவேற்கப் போறதில்ல. 2023 ஜூலைல தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டி போச்சு, அதைப் பாத்து எல்லாரும் தக்காளி நட்டாங்க, செப்டம்பர்ல பறிகூலிக்கு கூட கட்டாத வெலைக்கு வந்துருச்சு. இந்த ராட்டினத்துல ரெண்டு ஏக்கர்காரரை ஏத்தி விடக்கூடாது.

ஆனா காய்கறில ஒரு சின்ன சந்து இருக்கு, நாள் பாத்து விக்கறது. பொங்கலுக்கு சென்னைல மொச்சை, அவரை, சக்கரவள்ளிக் கெழங்கு, கருணைன்னு ஒரு வாரத்துக்கு அள்ளிக்கிட்டு போவாங்க, கோயம்பேட்டுலயே சிறப்பு சந்தை போடறாங்க. மொச்சையும் அவரையும் உங்க ஊர்ல ஏற்கெனவே சாமைக்கு ஊடுபயிரா வர்றதுதான், புதுசா எதுவும் கத்துக்க வேணாம், விக்காட்டி காயவெச்சு கொழம்புக்கு ஆகும். மத்த நாளுக்கு பக்கத்து டவுன் உழவர் சந்தை போதும். 1999 நவம்பர் 14ல மதுரைல மொதல்ல தொறந்த திட்டம் அது, கமிஷன் கெடையாது, அடையாள அட்டை வாங்கி வெச்சா காலைல தட்டுல வெச்சு வித்துட்டு பஸ் புடிச்சு வந்துடலாம். ரெண்டு மூணு வீடு சேந்து மாத்தி மாத்திப் போனா நாள் கூலியும் போகாது.

புளியை மறந்துடாதீங்க. ஓட்டோட உலுக்கி வித்தா ஒரு வெல, ஓடு நார் கொட்டை எடுத்து நல்லா அடிச்சுக் குடுத்தா வேற வெல, வேலையில்லாத மாசங்கள்ல வீட்ல உக்காந்து பண்ற வேலை அது. நாட்டுக்கோழி, ஆடு எல்லாம் சொல்லவே வேணாம், அதான் அவங்க ஏடிஎம், அதுல நீங்க பண்ண வேண்டியது கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி நேரத்துக்கு வர்ற மாதிரி பாத்துக்கறது மட்டும்தான்.

பாலைப் பத்தி தனியா சொல்லணும். நம்ம மாநிலத்துல சோத்து விவசாயி காசு பாக்க ஆரம்பிச்சதுல அதிகம் ஜெயிச்ச வழி எதுன்னா நான் பாலைத்தான் காட்டுவேன், ஷேட் நெட்டை இல்ல. காலைல ரெண்டு லிட்டர் பால் சொசைட்டிக்கு, மிச்சம் வீட்டுக்கு. வெல முன்கூட்டியே தெரியும், கொழுப்பு பாத்து காசு, வருஷத்துக்கு ஒரு தடவை இல்லாம தவணை தவணையா வருது. முக்கியமா பால் காசு பெரும்பாலும் வீட்டு அம்மா கையில நிக்கும். ஒரு பயிர் வீட்டுக்குன்னு இருக்குற வரைக்கும் பொம்பளை பயிர், லாரில ஏற ஆரம்பிச்சதும் ஆம்பளை பயிர் ஆயிடுது, காசு டாஸ்மாக் வழியா சுத்திட்டுத்தான் வீட்டுக்கு வருது, இதை நாசூக்கா சொல்ல எனக்குத் தெரியல. அதனால சாமைக் காசையும் குழுல இருக்குற பெண் பேர்ல இருக்குற அக்கவுன்ட்டுக்கு போடுங்க. மொத வருஷம் கொஞ்சம் சத்தம் வரும், வரட்டும்.

விவசாயிகள் உற்பத்தியாளர் கம்பெனி ஆரம்பிக்கலாமான்னும் கேட்டிருக்கீங்க. 2002ல கம்பெனி சட்டத்தைத் திருத்தி கொண்டு வந்த ஏற்பாடு அது, பத்து விவசாயி சேந்தா பதிவு பண்ணிடலாம். 2020ல மத்திய அரசு இந்த மாதிரி 10,000 கம்பெனின்னு ஒரு திட்டம் போட்டுச்சு, சமவெளில 300 பேர், மலைப்பகுதில 100 பேர் இருந்தா போதும்னாங்க, நிர்வாகச் செலவுக்கு மூணு வருஷத்துல 18 லட்சம் வரைக்கும், விவசாயி போடற பங்குக்கு சமமா ஆளுக்கு 2000 வரைக்கும் மானியம்னு அறிவிச்சாங்க. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ஆடிட்டர், வருஷாந்திர ரிட்டர்ன், டைரக்டர் கேஒய்சிங்கற அடையாள விவரப் பதிவு, போர்டு மீட்டிங் மினிட்ஸ் இதெல்லாம் சரக்கு வித்தாலும் விக்காட்டியும் நிக்காது, ஒரு தேதி தப்பினா அபராதம். மூணு வருஷம் முடிஞ்சு பணம் நின்னதும் போர்டு மட்டும் தொங்கற கம்பெனிங்களை நெறைய பாக்கறேன், சிஇஓ பையன் வேற வேலைக்கு போயிருப்பான், உறுப்பினர்கிட்ட கேட்டா 1000 ரூபா கட்டினோம் சார் அப்புறம் யாரும் வரலன்னு சொல்லுவாங்க. சுயஉதவிக் குழு 1989ல தருமபுரிலதான் நம்ம மாநிலத்துல ஆரம்பிச்சது, இன்னிக்கு எந்த குக்கிராமத்துலயும் ஒண்ணு இருக்கு, நோட்டு எழுதத் தெரிஞ்சவங்க இருக்காங்க. அதுலயே ரெண்டு அறுப்பு ஓட்டுங்க. யாவாரம் பெருசாகி குழு தாங்கலன்னு அவங்களே சொல்றப்ப கம்பெனி. ஏற்கெனவே அந்த மலைல இயங்கற கம்பெனி இருந்தா அதுல உறுப்பினரா சேந்துடறது இன்னும் நல்லது, போட்டிக் கடை எதுக்கு.

சென்னைல விக்கறதுக்கு வருவோம். உங்க அபார்ட்மென்ட் ஒண்ணுலயே 200 வீடு இருக்குன்னு சொல்றீங்க. வீட்டுக்கு மாசம் ரெண்டு கிலோ சாமை அரிசின்னா 400 கிலோ, அதுக்கு உமியோட 645 கிலோ தானியம். வருஷத்துக்கு ஏழே முக்கால் டன் பக்கம். மானாவாரில ஏக்கருக்கு 350 கிலோன்னு வெச்சா 22 ஏக்கர் சரக்கு. அதாவது வீட்டுக்கு ஒரு ஏக்கர் மிச்சம்னு பாத்தா 22 குடும்பம், ஒரு சின்ன ஊரே அடங்கிடுச்சு, ஒரு அபார்ட்மென்ட்ல. 200ல பாதி வீடுதான் வாங்கும்னாலும் ரெண்டு அபார்ட்மென்ட் புடிச்சா முடிஞ்சது. இதுக்கு எதுக்கு ஆப், ஒரு வாட்ஸ்அப் குரூப்பும் ஒரு எக்செல் ஷீட்டும் போதும். கிலோ 48ன்னு 7.7 டன்னுக்கு மொத்தம் 3.7 லட்சம், அதுல களத்துல உடனே குடுக்கற 70 சதவீதம் 2.6 லட்சம், உங்க 6 லட்சத்துக்குள்ள அழகா உக்காருது, அதுவும் வித்ததும் திரும்பி வர்ற பணம்.

ஒரு ஜாக்கிரதை. சாமையை உமியோட எவ்ளோ நாள் வேணா வெக்கலாம், குத்தினப்பறம் தவிட்டு எண்ணெய் இருக்குறதால சிக்கு வாடை வர ஆரம்பிச்சிடும், சென்னை புழுக்கத்துல வண்டும் சீக்கிரம் வரும். மொத்தமா குத்தி எறக்கினா ரெண்டாவது மாசத்துலயே கம்ப்ளைன்ட். அதனால தானியத்தை ஊர்லயே வெச்சுக்கிட்டு மாசாமாசம் தேவைக்கு மட்டும் குத்தி அனுப்புங்க, ரொம்ப வெள்ளையா தீட்டவும் வேணாம், பின்னால ஊருக்கே மெஷின் வந்தா அதை ஓட்டற ரெண்டு பேருக்கு வருஷம் பூரா வேலையும் ஆச்சு. உணவுப் பாதுகாப்பு பதிவு எடுத்துடுங்க, சின்ன யாவாரத்துக்கு எளிய பதிவுதான், செலவு ரொம்ப கம்மி. பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டினா 2022 ஜூலைலேர்ந்து 5 சதவீதம் ஜிஎஸ்டி கணக்கு வருது, அதை ஆடிட்டர்கிட்ட மொதல்லயே பேசிக்கோங்க. பழங்குடி மக்களை காப்பாத்துங்கன்னு போஸ்டர் போட்டு விக்காதீங்க, மொத மாசம் பாவப்பட்டு வாங்குவாங்க, மூணாவது மாசம் சாமையை எப்படி ஆக்கறதுன்னு தெரியாம டப்பால தூங்கும். ஒண்ணுக்கு எத்தனை தண்ணி, எத்தனை விசில், வெண்பொங்கல் எப்படி, இட்லிக்கு எவ்ளோ உளுந்து, இதை அந்த குரூப்லயே ஒரு அக்கா ஆக்கிக் காட்டற வீடியோ போட்டீங்கன்னா அதான் விளம்பரம்.

இன்னொண்ணு, வெல விழுந்தா யார் தாங்கறதுன்னு இப்பவே முடிவு பண்ணுங்க. அறுப்புக்கு முன்னாடி 48ன்னு சொல்லிட்டு மார்க்கெட்ல 35 ஆயிடுச்சுன்னு களத்துல பேரம் பேசினீங்கன்னா அந்த ஊர்ல உங்களுக்கு அதோட சரி. நாலு பேருக்கும் மாசச் சம்பளம் இருக்கு, நட்டத்தை தாங்கற ஆளு நீங்கதான், அவங்க இல்ல. அதே மாதிரி யாவாரி 52 குடுக்கறார்னு ரெண்டு பேர் அவருக்குப் போட்டா கோவப்படாதீங்க, நீங்க வந்ததாலதான் அவர் 52க்கு வந்தார்.

சாமை ஆனி, ஆடில விதைச்சு புரட்டாசி, ஐப்பசில அறுப்பாங்க. அதுக்குள்ள தார்ப்பாய், தராசு, ஈர மீட்டர் மூணும் ஊருக்குப் போயிடணும், ஒரு லட்சத்துக்குள்ள முடிஞ்சிடும். உமி நீக்குற மெஷின் இந்த வருஷம் வாங்காதீங்க, போளூர், திருப்பத்தூர் பக்கம் சிறுதானியம் குத்தற மில்லு இருக்கான்னு விசாரிச்சு கூலிக்கு குத்திப் பாருங்க, நூறு கிலோ குடுத்து எத்தனை கிலோ அரிசி, எவ்ளோ நொய், எவ்ளோ கல்லுன்னு நேர்ல நின்னு எடை போட்டு எழுதிக்கோங்க. அந்த நோட்டோட வாங்க, கணக்கை மறுபடி உக்காந்து போடலாம், கோயம்பேடு பக்கம் வந்தா முன்னாடி ஒரு மெசேஜ் தட்டிட்டு வாங்க, காலைல பத்து மணிக்கு மேல நான் ஃப்ரீதான்.